பணிவான நினைவூட்டல்

அண்ணிக்குப் பிடரியில் பிடித்த வலி விட்டபாடில்லை. ஈர வண்டி தள்ளிய காலத்தில் வலி இடுப்பில் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்ததும் அது மெல்ல மேலே ஏறிவந்து கழுத்தில் குடியேறிவிட்டது. இடுப்பு வலி தைலம் தேய்த்தால் அடங்கும். இது அடங்குகிற ஜாதி இல்லை. ஒரு வாக்கியத்தை அடித்து, அழித்து, மறுபடி அடித்து, சரியா தப்பா என்று தெரியாமல் திரையை முறைத்துக்கொண்டே இருந்தால் வருகிற வலிக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறான்?

அது பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் லாரி லாரியாகப் படுக்கை விரிப்புகள் வரும். ஒரு வாசலில் அழுக்காக நுழைந்து மறு வாசலில் மடிப்புக் கலையாமல் வெளியே போகும். நடுவே இருப்பதெல்லாம் நீராவியும் சோப்பு நெடியும் இரைச்சலும்தான். எந்திரம் பிழிந்து கொட்டிய விரிப்புகளை வண்டியில் அள்ளிப் போட்டு ரோலர் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். நனைந்த துணி பிணமாகக் கனக்கும். ரோலர் முன்னால் இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, கொதிக்கிற உருளைகளுக்கு நடுவில் விரிப்பைக் கொடுப்பார்கள். உருளை அதை விழுங்கி அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் துப்பும்.

ஆலை முழுக்க அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதற்குக் காரணம் நாத்தனார், அதாவது அவள் கணவனின் தங்கை. அவள்தான் முதலில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். அண்ணியைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவளும் அவளே. சேர்ந்த அன்றைக்குக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு "அண்ணீ..." என்று ஒரு குரல் விட்டாள். இத்தனை எந்திரத்தையும் தாண்டிக் கேட்கிற குரல். அன்றோடு இவள் எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த லாரி டிரைவரும் அண்ணி என்றார். கேட்டில் நிற்கிற காவலாளியும் அண்ணி என்றான். இவளுடைய கணவன் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க வந்தபோது, "அண்ணி உள்ள இருக்காங்க, இருங்க கூப்புடுறேன்" என்று அவனிடமே சொன்னார்கள்.

கூடத்தில் கைமாத்து என்று ஒரு வழக்கம் உண்டு. பணம் இல்லை, வேலை. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் போக வேண்டும் என்றால் இன்னொருத்தி அவள் வண்டியையும் சேர்த்துத் தள்ளுவாள். வாங்கிக்கொண்டவள் பின்னால் ஒருநாள் வண்டிக்கு வண்டி திருப்பித் தள்ள வேண்டும். யாரும் எழுதிவைத்ததில்லை. யாரும் மறந்ததுமில்லை. கைமாத்தைத் திருப்பாமல் வேலையை விட்டுப் போனவளைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

பழைய மேற்பார்வையாளர் போனதும் ஆபீஸ் ஒரு அறிவிப்பு ஒட்டியது. இனி ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் கூடத்திலிருந்தே வரலாம், ஆபீசே சொல்லிக்கொடுக்கும். அண்ணி பள்ளிக்கூடம் முழுசாக முடித்தவள். ஆனால் தயங்கினாள். பாடம் நடப்பது ஷிப்டின் கடைசிப் பகுதியில். அந்த நேரத்து வண்டிகளை யார் தள்ளுவது?

"நான் தள்ளுறேன், நீ போ" என்றாள் நாத்தனார்.

"உன் வண்டி, என் வண்டி, ரெண்டையுமா? மழைக்காலம் முழுக்க பாடம்ங்கிறாங்கடி."

"கைமாத்துதானே. நீ நாற்காலில உக்காந்ததும் திருப்பிக் குடு."

"நாற்காலில உக்காந்துகிட்டு எப்பிடி வண்டி தள்ளுறது?"

"நாற்காலிக்கும் சக்கரம் வெச்சிருக்கான்ல. அப்பிடியே தள்ளிக்கிட்டு வா."

கூடமே சிரித்தது. அந்த மழைக்காலம் முழுக்க நாத்தனார் இருவர் பங்கையும் தள்ளினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போவாள். அண்ணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவாள்: "ஆஸ் டிஸ்கஸ்ட்... பிளீஸ் பைண்ட் அட்டாச்ட்..."

சொல்லிக்கொடுத்தவன் ஆபீஸ் எழுத்தன். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. யார் எழுதிக் கொடுத்தாலும் முதலில் கமா போடுவான். அதனால் அவனுக்குக் கமா என்றே பெயர். அண்ணியைவிட வயதில் சின்னவன், கெட்டவன் இல்லை. பயந்த சுபாவம். மேலே யாருக்கும் கோபம் வராதபடி எழுதுவது எப்படி என்பதைத் தன் முதுகில் அடி வாங்கியே கற்றவன்.

"ஆஸ் டிஸ்கஸ்ட்னா முன்னாடி பேசினபடின்னு அர்த்தம். நிஜமா பேசியிருந்தா மட்டும் போடுங்க அண்ணி. சும்மா அழகுக்குப் போடக் கூடாது" என்பான். "ஃபார் யுவர் கைண்ட் இன்பர்மேஷன்னு மேனேஜருக்கு எழுதிடாதீங்க, குத்திக் காட்டுற மாதிரி படும். டூ தி நீட்புல் வேணாம், அது எங்க தாத்தா காலத்து சட்டை. ரிவர்ட்டுன்னு எழுதாதீங்க, ரிப்ளைன்னே எழுதுங்க."

அண்ணிக்கு அது பிடித்துப்போயிற்று. பொய் சொல்லி என்ன, ரொம்பவே பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு தொடரும் ரோலரிலிருந்து வெளியே வந்த விரிப்பு மாதிரி மொடமொடவென்று இருந்தது. எடுத்து விரித்தால் போதும், கீழே என்ன கறை இருந்தாலும் தெரியாது. வீட்டில்கூட அது தொற்றிக்கொண்டது. காய் வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டு வந்த கணவனிடம் அவள், "இது ஜென்டில் ரிமைண்டர்" என்றாள். அவன் விழித்தான். உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினாள்: "பணிவா ஞாபகப்படுத்துறாங்களாம்ண்ணே. அடுத்தது பணிவு இருக்காது, ஓடு!"

பயிற்சி முடிந்து அண்ணி மேற்பார்வையாளர் ஆனாள். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை, நாற்காலி, இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஒரு சாவி ரோலரை நிறுத்துகிற பெட்டிக்கு உரியது. மேற்பார்வையாளர் திருப்பினால் ரோலர் நிற்கும். திரும்ப ஓட்ட அதே சாவிதான் வேண்டும்.

வெயில் ஏறிய ஒரு நாளில் நாத்தனார் கூப்பிட்டாள்.

"ஏ அண்ணி, இங்க வந்து இதக் கொஞ்சம் பாரு."

உருளைகளுக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு, ஆபீஸ் பாஷையில் 'பார்'. கை உள்ளே போகிற மாதிரி இருந்தால் வயிற்றாலோ முழங்கையாலோ அதை இடித்தால் போதும், உருளை நின்றுவிடும். நாத்தனார் இடித்துக் காட்டினாள். உருளை பாட்டுக்குச் சுற்றியது. மறுபடி இடித்தாள். நின்றது.

"ஒரு தட்டுக்கு நின்ன கழுத, இப்ப ரெண்டு கேக்குது. நாளைக்கு மூணு கேக்கும்."

முன்பென்றால் ஒரு சத்தம் போட்டால் போதும், எந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் ஸ்பானரோடு வந்துவிடுவான். "பாத்துக்கிறேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பாதி கழற்றியிருப்பான். இப்போது ஆபீசிலிருந்து மெயில் வராமல் பிட்டர் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. அண்ணி அறைக்கு ஓடி, வந்த வேகத்தில் அடித்தாள்: பார் நாட் ஸ்டாப்பிங். ஹேண்ட் வில் கோ இன்சைட். ரிப்பேர் டுடே.

அனுப்புவதற்கு முன்னால் வழக்கம்போலக் கமாவுக்குக் காட்டினாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்ன அண்ணி இது, மெயிலா கூப்பாடா? 'இன்னைக்கே செய்'னு மேனேஜருக்கு உத்தரவு போடுறீங்க. 'கை உள்ள போயிடும்'னு எழுதினா மிரட்டுற மாதிரி இருக்கு."

"போயிடும்தானேப்பா."

"போகும், சரி. அதை எழுதுற விதம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவன் எழுதிக்கொடுத்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ரோலரின் தடுப்புக் கம்பி சற்றே தாமதமாக இயங்குவது கவனிக்கப்பட்டுள்ளது. தங்கள் வசதிக்கேற்ப விரைவில் இதைப் பார்வையிட இயலுமானால் மிக்க நன்றியுடையோம். அண்ணி இரண்டு தடவை வாசித்தாள். கை எங்கே போயிற்று என்று ஒரு கணம் தேடினாள். இல்லை. ஆனால் எவ்வளவு ஒழுங்காக இருந்தது! கூடத்தில் வளர்ந்தவள் எழுதியது என்று சொல்ல முடியாது. தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. நோட்டட் வித் தேங்க்ஸ். வெல் ரிட்டன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டு. அண்ணி அதைக் கமாவுக்குக் காட்டினாள். சாயங்காலம் கணவனுக்கும் சொன்னாள்.

"என்னாச்சு?" என்று கேட்டாள் நாத்தனார்.

"சொல்லியாச்சு. குறிச்சுக்கிட்டாங்க."

"குறிச்சுக்கிட்டாங்களா, பாத்துக்கிறேன்னாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

"அப்ப சரி" என்று நாத்தனார் கையுறையை மாட்டிக்கொண்டு ரோலர் பக்கம் திரும்பினாள். அண்ணி சொன்னால் அவளுக்குச் சரிதான்.

பிட்டர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அண்ணி கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் வரல அண்ணி. மெயில் வரட்டும், உடனே கழட்டிடுறேன்" என்றான். அவள் கமாவிடம் போனாள். ஒரு ஜென்டில் ரிமைண்டர் போடலாம் என்றான் அவன். போட்டார்கள். மறுபடி நோட்டட். இன்னொன்று உடனே போட்டால் குத்துகிற மாதிரி இருக்கும், கொஞ்சம் ஆறப்போட வேண்டும் என்றான். ஆறப்போட்டாள்.

இடுப்பில் சாவி இருந்தது. அதைத் திருப்பியிருக்கலாம். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ரோலர் நின்றால் ஈரத் துணி மலையாகக் குவியும். லாரிகள் வரிசையாக நிற்கும். போன் அடிக்கும். மெயில் போட்டிருக்கிறாய், பதிலும் வந்திருக்கிறது, பிறகு ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன தொடர் எழுதுவது? ரோலரை நிறுத்துவது கூப்பாடு போடுகிற மாதிரி. கூப்பாடு போடுவதற்கு அவளுக்கு இப்போது கூச்சமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கம்பியை இரண்டு தடவை இடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி திரைக்குத் திரும்பிக்கொள்வாள்.

கமாவின் மேஜைப் பக்கம் நின்றுகொண்டு, இரண்டாம் நினைவூட்டலில் 'வன்ஸ் அகெயின்' என்று போடலாமா, போட்டால் கோபமாகத் தெரியுமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது கேட்டது.

"அண்ணீ..."

எந்திரத்தையெல்லாம் தாண்டிக் கேட்கிற குரல்.

ஒரு விரிப்பின் ஓரம் மடங்கி உள்ளே போயிருக்கிறது. நீவிவிடக் கை நீட்டியிருக்கிறாள். கையுறை துணியோடு சேர்ந்துகொண்டது. வயிற்றால் இடித்தாள். நிற்கவில்லை. மறுபடி இடித்தாள். நிற்கவில்லை. அடுத்த இடிக்கு நின்றது. அதற்குள் வலது கை மணிக்கட்டு வரை போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், விரல்கள் இருக்கும், மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அண்ணியின் கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அந்த அறையில் அவளுக்கு டீ வந்தது அதுவே முதல் தடவை.

"ரொம்ப வருத்தமான விஷயம். ஹெட் ஆபீஸ் அறிக்கை கேக்குறாங்க. நீயே எழுதிடு. கூடத்துலேருந்து வந்தவ எழுதினா மேல நம்புவாங்க. உன் இங்கிலீஷும் இப்ப நல்லா வந்துடுச்சு."

"என்ன எழுதணும் சார்?"

"நடந்ததைத்தான். போதுமான பயிற்சியும் அறிவுரையும் கொடுத்திருந்தும் ஆபரேட்டர் விதிமுறையைக் கடைப்பிடிக்கத் தவறிட்டாங்க. அந்தத் தொடரெல்லாம் உனக்குத் தெரியுமே."

"தடுப்புக் கம்பி..."

"அது தாமதமா வேலை செஞ்சுதுன்னு நீயே எழுதியிருக்க. சற்றே தாமதம்னு. வேலையே செய்யலைன்னு எழுதலையே? ஆபத்துன்னு எழுதலையே? வசதிப்படும்போது பாருங்கன்னுதானே எழுதின? எனக்கு இன்னும் வசதிப்படலை, அவ்வளவுதான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் உன்னைக் குத்தம் சொல்லலை. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவள் டீயைத் தொடாமல் கேட்டாள்: "ஆபரேட்டர் தப்புன்னு போனா அவளுக்கு என்ன ஆகும்?"

"வைத்தியச் செலவைக் கம்பெனி ஏத்துக்க முடியாது. வேலைக்கும் திரும்ப எடுக்க முடியாது. விதி அப்பிடி. நாளைக்குக் காலையில அனுப்பிடு."

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவள் இடுப்புச் சாவிக்கொத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாத்தனார் படுத்திருந்தாள். கட்டுப்போட்ட கை தலையணை மேல் தனி ஆள் மாதிரி கிடந்தது. இடது கையால் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம மடிப்புதான்" என்றாள். "ஓரம் பாருங்க, நம்ம ரோலர்ல வந்தது."

பாருங்க. அண்ணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். ஆபீஸ்காரர்கள் முன்னால் மட்டும் விளையாட்டுக்கு வாங்க போங்க என்பாள்.

"வலிக்குதாடி?"

"இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"என்னை நீங்கங்காத."

"மேற்பார்வையாளர் இல்லையா? மரியாதையா பேசணும்ல." சிரிப்பில்லை அந்தப் பேச்சில். "என் விஷயமா ஏதோ எழுதச் சொல்லியிருக்காங்களாமே? பிட்டர் வந்து பாத்துட்டுப் போனான், அவன்தான் சொன்னான். என்ன எழுதப் போறீங்க?"

"இன்னும் எழுதல."

"எழுதச் சொன்னதைச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். போதுமான அறிவுரை கொடுத்திருந்தும் ஆபரேட்டர் தவறிவிட்டார் என்பதை இங்கிலீஷில் எழுத அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். அங்கே ஆபரேட்டர் யாரோ. இங்கே கட்டிலில் கிடக்கிறவள் இவள். பஸ்ஸில் அவள் தோளில் தூங்கிய தலை இது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்ல வரலைன்னா விடுங்க" என்று நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தே சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னீங்க. நான் அதை நம்பித்தான் நின்னேன். இல்லேன்னா நானே பிட்டர் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்."

வீட்டில் கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"நீ எழுதுறதை என்னால படிக்க முடியாது. அதனால எழுதாதேன்னோ எழுதுன்னோ நான் சொல்லல. அவ இந்த வீட்டுக்குத்தான் வரப் போறா. நாளைக்கும் அதுக்கடுத்த நாளும் அவளோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கப் போறது நீ" என்றான்.

காலையில் அண்ணி கமாவின் பக்கத்தில் போய் நிற்கவில்லை. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பிடரி விண்விண்ணென்று தெறித்தது. பழக்கத்தில் கை தானாக அடித்தது: இட் ஹேஸ் பீன் அப்சர்வ்ட். கவனிக்கப்பட்டுள்ளது. யாரால் கவனிக்கப்பட்டுள்ளது? அழித்தாள். வீ ரிக்ரெட் டு இன்பார்ம். வருந்துகிறோம். யார் அந்த நாங்கள்? அதையும் அழித்தாள். ஒரு மழைக்காலம் கற்றதில் ஆள் இருக்கிற தொடர் ஒன்றுகூட அவளுக்குக் கைக்கு அகப்படவில்லை. கமாவைக் கேட்டால் கொடுத்திருப்பானோ என்னவோ.

பிறகு பழையபடி, வந்த வேகத்தில் அடித்தாள். பார் நாட் ஸ்டாப்பிங். ஐ நோ. ஐ ரைட் மெயில். ரிப்ளை கம் நோட்டட். நோபடி கம். கீ இஸ் வித் மீ. ஐ நாட் ஸ்டாப் ரோலர். ஹேண்ட் வென்ட் இன்சைட். ஷீ டிட் நோ ராங்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கமா உள்ளே வந்தான். திரையைப் படித்தவனுக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணி, இப்பிடியே அனுப்பாதீங்க. குடுங்க, நான் கொஞ்சம் நயமா..."

"நயமா வேணாம்."

"சாவி உங்ககிட்ட இருந்துச்சுன்னு உங்களை நீங்களே மாட்டி விடுறீங்களே! மேனேஜர் தப்பு மட்டும் எழுதலாமே?"

"சாவி என்கிட்டத்தானே இருந்துச்சு?"

அவன் நின்றான். நகத்தைக் கடித்தான். "முதல் மெயிலை நான்தான் மாத்திக் குடுத்தேன்னு எழுதுவீங்களா?"

"அனுப்புனது நான். உன்னை எழுதல. நீ போய் உன் வேலையைப் பாரு. பயப்படாத."

அவன் போகவில்லை. திரையை இன்னொரு தடவை படித்துவிட்டு, "நோபடி கேம்னு வரணும் அண்ணி" என்றான் மெதுவாக. அவள் திருத்தவில்லை. மேனேஜருக்கும் ஹெட் ஆபீசுக்கும் சேர்த்தே அனுப்பினாள்.

ஹெட் ஆபீஸ் பதில் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. ஒரே சொல். நோட்டட்.

அன்றைக்கே பிட்டருக்கு மெயில் போயிற்று. அவன் வந்து கம்பியைக் கழற்றி உள்ளே தேய்ந்துபோயிருந்த ஒரு ஸ்பிரிங்கை மாற்றினான். அவனுக்கு வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கம்பி ஒரு தட்டுக்கு நின்றது. கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவி காறித் துப்பினாள்.

அடுத்த வாரம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தொடரும் அண்ணிக்குத் தெரிந்ததுதான். மறுபடி ஈர வண்டி. முதல் நாளே வலி கழுத்தை விட்டு இறங்கி இடுப்பில் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாத்தனாரின் வைத்தியச் செலவு பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. வேலையைவிட்டு அவளை எடுக்கவில்லை. அண்ணி அனுப்பிய மெயில் அந்த மட்டுக்கு உதவியிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்து நாத்தனார் வந்த அன்று கூடத்தில் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை. ரோலரில் நிற்க முடியாது என்பதால் காய்ந்த துணியை எண்ணி அடுக்குகிற இடத்தில் போட்டார்கள். அண்ணி தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவளிடம் வந்தாள். அடுக்கிய துணியைக் கூண்டு வண்டியில் வைத்து லாரி வரை தள்ள வேண்டும். நாத்தனார் இடது கையால் அதன் பிடியைப் பிடித்திருந்தாள்.

"விடு, நான் தள்ளுறேன்."

"வேணாம்."

"கைமாத்துடி. உனக்கு நான் எவ்வளவு திருப்பணும்."

நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தாள். வீட்டில் ஒரே தட்டு அலமாரியிலிருந்து தட்டு எடுத்துக்கொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முகம் பார்க்காமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

"மெயில் போட்டீங்களாம்ல. கமா சொன்னான். நல்லா இருந்துச்சா?"

"இல்ல. தப்பும் தவறுமா இருந்துச்சு."

நாத்தனாரின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பாக மாறியிருக்க வேண்டியது, மாறவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாத பாஷைல எழுதுனீங்க. அது அவங்களுக்கு. அதை நான் என் கணக்குல சேத்துக்க முடியாது." வண்டிப் பிடியை இறுக்கினாள். "இதையும் சேத்துக்க முடியாது. இப்ப நீங்க தள்ளினா கையில்லாதவளுக்கு இரக்கப்பட்டுத் தள்ளுறது. கைமாத்துன்னா ரெண்டு பேருக்கும் வண்டி இருக்கணும். எனக்கு ஈர வண்டி வரட்டும். அன்னைக்கு வந்து கேளுங்க."

"எப்ப வரும்?"

"விரலைக் கேளுங்க."

அவள் வயிற்றை வண்டியில் கொடுத்து, இடது கையால் திருப்பி, கோணல்மாணலாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு சக்கரம் கீச்சிட்டது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். துவைக்கிற எந்திரம் அடுத்த சுமையைப் பிழிந்து கொட்டிய சத்தம் கேட்டது. அண்ணி தன் வண்டிக்குத் திரும்பிப் போனாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க நாத்தனார் அவளுக்காகத் தள்ளிய ஈர வண்டிகள். அதில் ஒன்றைக்கூட அண்ணி இன்னும் திருப்பித் தள்ளவில்லை.